ஹெல்மெட் போட்ட நாத்தனார்

என் மகளின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன். முதலில் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. போனில் போட்டால் பாதியில் குறுக்கே பேசுவீர்கள், இல்லாவிட்டால் "சரி சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வித்தை பலிக்காது.

இதைக் கொண்டுவருகிறவர் உங்கள் கம்பெனி முகாமில் கிரேன் ஓட்டுகிறவர்தான். லீவு முடிந்து நாளை கிளம்புகிறார். மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருடம் அங்கே வேலை செய்யக் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னீர்களே, அதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்துவிடும். அந்தப் பேனாவை எடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் போனில் எடுத்த எடுப்பில், "மறுபடியும் கடன் வாங்கியிருக்கியா? எங்கிட்ட மறைக்காதே" என்று கேட்டீர்கள். இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். "என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இல்லேன்னு சொல்றே" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதற்கப்புறம் எனக்கு வேலையே ஓடவில்லை. தொழிற்சாலையில் சட்டை சரிபார்க்கிற மேசையில் ஒரு கை பட்டன் இல்லாத சட்டையை எல்லாம் "சரி" பக்கம் தள்ளி, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த மனுஷனிடம் யார் என்ன ஓதினார்கள் என்று மண்டையைக் குடைந்தது.

ஓதியவர் ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து சேர்ந்தார். கிரேன்காரர் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "தப்பா நினைக்காதீங்க தங்கச்சி. அஞ்சாம் தேதி உங்க வாசல்ல வசூலுக்கு ஒரு ஆள் வந்து கதவை இடிச்சுக் கத்துனதை நானே பார்த்தேன். ஹெல்மெட் கூட கழட்டல. மனசு கேக்காம அவருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்" என்றார். உள்ளே நம் மகள் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குக் கேட்டது.

அந்த ஹெல்மெட்டுக்குள் இருந்தது உங்கள் தங்கை.

கோபப்படாமல் கேளுங்கள். பழைய வசூல்காரர் ஞாபகம் இருக்கிறதல்லவா? நம் பேக்கரி கடனில் மூழ்கி, நீங்கள் அங்கே வேலைக்குப் போன பிறகு, மாதா மாதம் ஐந்தாம் தேதி சாயங்காலம் வந்து கதவைத் தட்டுவார் என்று போனில் சொல்வேனே, அவர்தான். இரண்டு வருடம் அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. கடைசித் தவணை கட்டிய அன்றுதான் ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கேட்டார். உள்ளே இருந்தது பரீட்சைக்குப் பயந்த பிள்ளை மாதிரி ஒரு சாதுவான முகம். இந்த முகத்துக்கா இவ்வளவு நடுங்கினோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. கடன் தீர்ந்த செய்தியை அன்றே உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் போனில் அழுதீர்கள், ஜலதோஷம் என்றீர்கள்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வந்தது. பழக்க தோஷம் பாருங்கள், சாயங்காலம் பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் வரவில்லை. பத்து நாளில் அந்தப் பணம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு புடவை, ஒரு மிக்ஸி, ஒரு மொய், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை வேலை முடிந்து வந்தாள். என்னைப் பார்த்தாள், கையில் இருந்ததைப் பார்த்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தின வேகத்தில் இடி மாதிரி தட்டல். திறந்தால், தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட்டோடு நிற்கிறாள். "என்னம்மா, டியூ எங்கே? எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு."

அன்றைக்கு விளையாட்டுதான். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு போய் மறுநாளே பேங்கில் போட்டுவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும் வந்தாள். கடனுக்குக் கட்டின அதே தொகை, அதே தேதி, அதே இடி. உங்கள் தங்கைக்கு என்ன வேலை? பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. ஊரில் உள்ள சாக்குப்போக்கெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவள். அவளிடம் நான் என்ன கதை விட முடியும்? மகளின் டியூஷன் பணம் என்று ஒரு முறை இழுத்தேன். "அது போன மாசமே கட்டியாச்சு. ரசீது என் பையில இருக்கு" என்றாள். நாத்தனார் கொடுமை என்று ஊர் சொல்வதை நான் மாதத்தில் ஒரு நாள் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். தன் சம்பளத்திலிருந்தும் ஒரு பங்கு போடுகிறாள், அதை மட்டும் உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். சொல்லிவிட்டேன்.

நடுவில் எல்லாம் நன்றாகத்தான் போனது என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலையில் ஆர்டர் இல்லை என்று இரண்டு மாதம் பூட்டினார்களே, அப்போது நான் வீட்டில் தலையணை உறை தைத்து விற்றேன். ஐந்தாம் தேதி ஹெல்மெட் வந்து நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "மனுஷியாடி நீ, போ வெளியே" என்று கதவை முகத்தில் சாத்திவிட்டேன். வெளியே மழை. அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "அண்ணி, பாதியாவது குடுங்க. ஒரு மாசம் விட்டா அப்புறம் விட்டதுதான்" என்றாள். திறந்து பாதி கொடுத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி, நனைந்த முகத்தையும் தோளையும் துவட்டிவிட்டேன். இரண்டு பேரும் அழுதோம்.

அப்புறம், சேர்க்க ஆரம்பித்த முதல் வருடத்திலேயே, மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன். "பணத்துக்கு என்ன செய்தே?" என்று கேட்டீர்கள். "பார்த்துக்கிட்டேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் உங்கள் மனதில் கடனாக முளைத்திருக்கிறது என்று இப்போது புரிகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரி கவுண்டரில் பில்லை நீட்டினார்கள். எங்கள் சேமிப்பிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தேன். கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை, எந்த நகையையும் கழற்றவில்லை, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. பணம் மொத்தமும் போன அன்றைக்குத்தான் எனக்கு முதல் முதலாக நாம் ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. அடுத்த ஐந்தாம் தேதி ஹெல்மெட் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கதவைத் திறந்தது தையல் பிரிக்காத நம் மகள். தன் உண்டியலை உடைத்து எடுத்து வைத்திருந்தாள்.

இதையெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை என்பீர்கள். சொல்லியிருந்தால் மறுநாளே மறுபடி பேக்கரி வைக்கப் பெரிய அடுப்புக்கு விலை கேட்டிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? ஒரு தொகை நிமிர்ந்து நிற்கட்டும், பிறகு சொல்வோம் என்று இருந்தோம்.

ஆனால் இடிச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும் என்பது எங்கள் மூளைக்கு எட்டவில்லை. மளிகைக்கடைக்காரர் ஒரு நாள் மிகவும் மரியாதையாக, "இனிமே ரொக்கமா குடுத்துடுங்கம்மா" என்றார். சரி என்று ரொக்கமாகவே வாங்கினோம், செலவு பாதியாகக் குறைந்தது. வீட்டுக்காரர் வாடகை ஏற்ற வந்தவர், ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டு ஏற்றாமலே திரும்பிப் போனார். எங்களுக்கு ஏதோ நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டோமே தவிர, தெருவே நம்மை மறுபடி கடனில் முழுகிப்போனவர்கள் என்று பேசுவது தெரியவில்லை. அந்தப் பேச்சு கடல் தாண்டி உங்கள் காது வரை வந்து, உங்களை இன்னும் இரண்டு வருடம் அங்கே கட்டிப்போடப் பார்க்கும் என்று யார் கண்டார்கள்?

கிரேன்காரருக்கு முன்னால் உங்கள் தங்கையை ஹெல்மெட்டோடு வரவழைத்துக் காட்டினேன். மனுஷனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பாஸ்புக்கைக் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இதை என் வீட்டுலயும் ஆரம்பிக்கணும், உங்க நாத்தனாரை அனுப்ப முடியுமா?" என்றார். நான் சொல்வதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் அவரையே சாட்சியாக அனுப்புகிறேன்.

கேளுங்கள். எட்டு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்கிறது, அதை நீங்களும் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது. அது போக, சின்னதாக ஒரு பழைய அடுப்பும் கடைக்கு முன்பணமும் கொடுக்கிற அளவுக்கு இருக்கிறது. குழாய் பதிக்கிறேன் என்று ஒரு வருடம் தோண்டிப் போட்டு நம் பேக்கரியைப் படுக்கவைத்தார்களே, அந்தத் தெரு இப்போது வழவழவென்று இருக்கிறது. பஸ் போகிறது. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் கூட்டம். நம் பழைய கடைக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஒரு ஹோட்டலில் பழைய அடுப்பு விற்கிறார்கள், போய்ப் பார்த்தோம். வாங்கவில்லை. அடுப்பின் கதவைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் நல்லது கெட்டது சொல்கிறவர் நீங்கள்தான். எங்களுக்கு வீட்டுக் கதவைத் தட்டத்தான் தெரியும்.

பேக்கரி போனது உங்களால்தான் என்று நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். வெறும் கையோடு எப்படி வந்து நிற்பது என்று தயங்குவதும் தெரியும். அங்கே முகாமில் அறுநூறு பேருக்கு ரொட்டி சுட்டு, நான்கு வருடம் தவறாமல் அனுப்பினீர்கள். அந்தப் பணத்தில்தான் கடன் தீர்ந்தது. மிச்சம் பிடித்தது நாங்கள். இதில் வெறும் கை யாருடையது? நீங்கள் போகும்போது எட்டாவது படித்த பெண் இப்போது பன்னிரண்டாவது. பன் சுடும் வாசனை எப்படி இருக்கும் என்று மறந்துபோய்விட்டது என்கிறாள். எனக்கு மறக்கவில்லை. உங்கள் சட்டையில் அந்த வாசனை இருக்கும். கையெழுத்துப் போடாமல் வாருங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். கிரேன்காரர் வழியில் எடுத்துத் தடவிக்கொள்ளாமல் இருந்தால் வந்து சேரும்.

உங்கள் தங்கை பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள். அடுத்த ஐந்தாம் தேதி அவள் விடுப்பு எடுத்துக்கொள்கிறாளாம். ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டாள். பணம் கையில் எண்ணி வைத்திருப்பேன், சாயங்காலம் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குக் கதவு தட்டுகிற சத்தம் கேட்க வேண்டும்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் வீட்டுக்காரி