அப்பாவை இறக்கிவிட்டது ஏன்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்காலும் ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும், நாங்கள் இன்னும் கையில் வாங்காத பேரனும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எந்நேரமும் என் நினைப்பு.

நான் அவரை விமானத்திலிருந்து இறக்கிவிட்டதாக அப்பா போனில் கோள் மூட்டினாராமே. இறக்கிவிட்டது உண்மைதான், முழுக் கதையையும் கேள். மனைவி விமானம் ஓட்டுகிறவள், அவரோ பறக்கப் பயந்து என்னோடு ஒரு நாளும் ஏறியதில்லை, விமானம் ஏறி உன்னிடம் வராமலிருக்கவும் ஆயிரம் சாக்கு. பேரன் போட்டோவைப் பார்த்துப் பார்த்து மனசு இளகி, உன் சின்ன விமானத்துல பத்து நிமிஷம் உக்காந்து பாக்குறேன், தாங்க முடிஞ்சா புள்ளைகிட்ட போவோம் என்றார் போன ஞாயிறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. விமான கிளப்புக்குப் போய் அவருக்கு பெல்ட்டும் மாட்டிவிட்டு, நான் பறந்த கணக்கை எழுதும் நோட்டைத் திறந்தால் நாள் கணக்கு இடித்தது. ஆளை ஏற்ற வேண்டுமென்றால், கடைசித் தொண்ணூறு நாளுக்குள் மூன்று முறையாவது விமானத்தை மேலே ஏற்றித் தரையிறக்கியிருக்க வேண்டும், சட்டம். நான் கடைசியாகப் பறந்து மூன்று முறை தரையிறக்கியது சரியாக மூன்று மாதம் முன்பு, போதும் என்று நினைத்திருந்தேன். நடுவில் முப்பத்தொரு நாள் மாதம் இரண்டு வந்ததை மறந்துவிட்டேன், அன்று தொண்ணூற்றிரண்டாம் நாள்.

இறங்குங்கள் என்றேன். ரெண்டு நாள்தானே, யாரு எண்ணப்போறா, நான் என்ன பயணியா, உன் வீட்டுக்காரன்தானே என்றார். இறங்கினால் மறுபடி ஏறமாட்டார், பேரனைப் பார்ப்பதும் அதோடு போச்சு என்று தெரியும். ஒரு கணம் சபலம் தட்டியது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று மாதம் தொடாத கையை நம்பி உன் அப்பாவை உட்காரவைக்க மனசு வரவில்லை. அவரை இறக்கிவிட்டு, தனியாக மூன்று முறை மேலே போய்த் தரையிறங்கினேன், இரண்டாவது தடவை சக்கரம் பந்து மாதிரி துள்ளியது, அதையும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். காரியம் கெட்டது என்றுதான் இறங்கி வந்தேன். பெரிய விமானம் ஓட்டுறவங்களுக்கும் இதே சட்டமா என்று கேட்டார், ஆமாம் என்றேன். சொந்தப் புருஷனையே இறக்கிவிட வைக்குற சட்டம்னா நம்பி ஏறலாம், ஆனா நீ துள்ளினதைப் பாத்துட்டேன், உன்னோட வேணாம் என்றார்.

அடுத்த மாதம் இருபதாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. இத்தனை வருஷமாக அவரை என் பக்கத்துச் சீட்டில் உட்காரவைக்க ஆசைப்பட்டேன், நடக்கப்போகிறது, ஓட்டப்போவது மட்டும் நானில்லை. அதில் கொஞ்சம் வருத்தம்தான், இருந்தாலும் சந்தோஷமே பெரிது.

மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாயிருங்கள். விமான நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கி வர மறக்காதே, முதலில் அப்பா கையில் கொடு.

உன்
அம்மா