ஸ்டிக்கருக்கு அடியில்

அன்புத் தோழிக்கு,

அப்பா திரைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறார். விடிவதற்குள் இதை உன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிடுவேன்.

நீயும் உன் தம்பியும் பள்ளிக்கு வரும் வேனை டிரைவர் முட்டிசோ இன்று மாலை எங்கள் ஸ்டிக்கர் கடைக்குக் கொண்டுவந்தார். புதன்கிழமை வண்டிச் சோதனையாம். நான் அளவெடுத்தேன். அப்பா ஸ்டிக்கர் எத்தனை மீட்டர் என்று கணக்குப் பார்த்துப் பன்னிரண்டாயிரம் ஷில்லிங் சொன்னார். பழைய ஸ்டிக்கரை உரிக்கத் தனிக்கூலி.

"உரிக்காதீங்கண்ணே, அதுமேலயே ஒட்டுங்க" என்றார் முட்டிசோ.

அதற்குள் நான் ஒரு மூலையை உரித்துவிட்டேன். துருப்பிடித்த தகரம் பிஸ்கட் போல உதிர்ந்தது. உள்ளே போன என் கை கடைசி இருக்கையின் காலில் பட்டது. அதைத் தாங்க அங்கே எதுவுமே இல்லை.

அப்பா முட்டிசோவைப் பார்த்துக் கத்துவார் என்று நினைத்தேன். "பொண்ணு பாத்துட்டா. இனி முப்பதாயிரம்" என்றார்.

"ஸ்டிக்கருக்கா, வாய மூடுறதுக்கா?" என்று கேட்டார் முட்டிசோ.

இருவரும் சிரித்தார்கள். ரசீது எழுதியது நான்தான். வேன் இப்போது புதுசு போலப் பளபளக்கிறது.

பிறகு, இது தப்பில்லையா என்று அப்பாவிடம் கேட்டேன். "நைரோபில பாதி வண்டி இப்படித்தான்டி ஓடுது. ஒன் ஃபீஸ வேற யாரு கட்டுவா?" என்றார்.

உன் தம்பிக்கு அந்தக் கடைசி இருக்கைதான் பிடிக்கும். நாளை ஏறாதீர்கள். ஆறு மணிக்கு வருகிறேன், மூவரும் நடந்தே போவோம்.

படித்ததும் கிழித்துவிடு என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதில் பதினான்கு பேர் வருகிறார்கள். கிழிக்காதே. உன் அம்மாவிடம் காட்டு. யார் எழுதியது என்று கேட்டால், சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி