தலை என்னிடம், வால் உன்னிடம்

அக்கா, நேற்று சாயங்காலம் உன் மருமகள் நாம் உட்காரும் கருங்கல் பாறைக்கு வந்தாள். நீ போன வருஷம் எடுத்துப்போன பாதி நாவலை என் முன்னால் நீட்டினாள். ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அவள் பிரித்ததும் கருவாட்டு வாசமும் உன் வெற்றிலை வாசமும் சேர்ந்து அடித்தன. நீயே வந்து பக்கத்தில் குந்தின மாதிரி இருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கின்றன. நமக்குச் சீசன் இதுதானே!

மற்ற மாதங்களில் நீயும் நானும் ஏலத்தில் எதிரிகள். வஞ்சிரக் கூடை இறங்கியதும் நான் ஒரு விலை ஏற்றுவேன். "இன்னாடி, துட்டு மரத்துல காய்க்குதா உனுக்கு?" என்று கத்துவாய். "உன் வூட்டு மரத்துலயா பறிச்சேன்?" என்பேன் நான். மீன் வரத்து நின்று ஏலக்கூடம் காய்ந்தால்தான் நாம் சிநேகிதிகள். தடை முடிந்து படகு கடலில் இறங்கிய பிறகு சிநேகிதப் பேச்சு கிடையாது, நாவல் பேச்சும் கிடையாது. வியாபாரம் கெட்டுப்போகும் என்று நாமாக வைத்துக்கொண்ட வழக்கம்.

ராயபுரம் பழைய பேப்பர் கடையில் நாவல் பொறுக்குவது உன் வேலை. அட்டையில் ரத்தம் இருக்க வேண்டும், உள்ளே ஒரு பங்களா இருக்க வேண்டும், வெயில் தாழ்ந்த நாலைந்து பொழுதில் முடிந்துவிட வேண்டும். தடியான புத்தகத்தைக் கடைக்காரர் காட்டினால், "இத்த கருவாட்டுக் கூடைக்கு மூடியா போடலாம்" என்பாய்.

புத்தகம் ஒன்று, பொறுமை இல்லாத ஆள் ரெண்டு. மீன் கத்தியை எடுத்து நடுமுதுகில் ஒரே இழுப்பு இழுத்து ரெண்டு கூறு போட்டவள் நீதான். தலை எனக்கு, வால் உனக்கு. நீ முடிவை முதலில் படித்துவிட்டு, கொலைகாரன் பேரைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியே தினமும் என்னிடம் டீ வாங்கிக் குடித்தாய். ஏலத்தில்கூட நான் அப்படித் தோற்றதில்லை.

கதாநாயகி பட்டுச்சேலையில் கடற்கரையில் நடந்தால் நமக்குச் சிரிப்பு தாங்காது. "இவ கடல்ல மீனே கெடையாதா? ஒரு நாத்தமும் அடிக்கலியே!" என்று நீ சத்தமாகக் கேட்டதில், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"முடிவு தெரிஞ்சப்புறம் கதையில இன்னாக்கா ருசி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடலுக்குப் போனவன் கரைக்கு வந்துட்டான்னு தெரிஞ்சிகினு, அவன் சொல்ற பொயல் கதைய கேட்டுப் பாரு. அதாண்டி சொகம்" என்றாய்.

நானும் படகுக்காரன் பெண்டாட்டிதான். கரையில் காத்துக் கிடந்தவள்தான்.

போன வருஷக் கடைசி நாவலை மாற்றிக்கொள்வதற்குள் படகு இறங்கிவிட்டது. என்னிடம் இருந்த தலை, பங்களாக்காரி காற்று மழையில் தனியாகத் தோணி ஏறுவதோடு நின்றுபோனது. "வர்ற தடையில மாத்திக்கலாம், எங்க ஓடப் போறோம்" என்றாய். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பாதி நாவல் எங்கே என்று யாரிடம் கேட்பது? அந்தப் பங்களாக்காரி கரைக்கு வந்தாளா என்று தெரியாமலே கிடந்தேன். அதைவிட, இந்த வெயிலுக்குப் பாறையில் தனியாகத்தான் குந்த வேண்டுமோ என்பதுதான் மனதை அரித்தது.

இப்போது ஏலத்தில் உன் இடத்தில் உன் மருமகள்தான் நிற்கிறாள். போன மாதம் ஒரு கொடுவாக் கூடையை என் கையிலிருந்து பிடுங்காத குறையாகத் தட்டிப்போனாள். நேற்று அந்த வாலைக் காட்டிவிட்டு, நான் கை நீட்டியதும் பின்னால் ஒளித்துக்கொண்டு பேரம் பேசினாள்.

"தலையக் குடு சின்னத்தே, அப்புறம் தரேன்."

"மொதல்ல வாலக் குடுடி."

"ஆங், நான் வெறுங்கையோட குந்திகினு காத்து வாங்கணுமா?"

அசல் நீதான். நானும் விடவில்லை. "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. தோணியில போனாளே, கரைக்கு வந்தாளா?"

"அய்ய! முடிவ மொதல்ல கேட்டா உனுக்கு ஆவாதுன்னு அத்தை சொல்லிச்சே?"

"இப்போ ஆவும். சொல்லு."

"வந்துட்டா."

மூச்சு விட்டேன். காற்று நன்றாக இருந்தது. நீ சொன்ன சுகம் இதுதான் போல.

பேசி முடித்தது இது: தலையை நேற்றே கொடுத்துவிட்டேன், வால் இன்று என் மடியில். தடை முடியும்வரை டீ என் செலவு, நாவல் பொறுக்குவது அவள் வேலை, வெட்டுவது உன் கத்தியால். யார் கரை சேர்ந்தார்கள் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொலைகாரன் பேரைச் சொல்லக் கூடாது. படகு இறங்கிய அன்றைக்கு ஏலத்தில் அவளும் எனக்கு விட்டுக்கொடுப்பதில்லை, நானும் அவளுக்கு விட்டுக்கொடுப்பதில்லை.