கயிறு விழும் இடம்

மே 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் இருமலும் எப்படி இருக்கின்றன? மகன் வீட்டு மாடிப்படியில் சும்மா ஏறி இறங்காதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்!

எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. செப்டம்பரில் நம் ஆலயத்துக்கு நூறு வயது. ஊரும் ஆலயமும் வளர்ந்த வரலாற்றைப் புத்தகமாக எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டார். "டீச்சரம்மா, ரிட்டையர் ஆகிச் சும்மாதானே இருக்கீங்க" என்றார். சும்மாவாம்! இருந்தாலும் ஆசையாகத்தான் ஒத்துக்கொண்டேன். பெட்டி நிறையப் பழைய கூட்டக் குறிப்பேடுகள். கரையான் தின்றது போக மீதியைப் படிக்கிறேன். வெள்ளத்தில் வீடிழந்து ஆற்றங்கரையை விட்டு மேட்டுக்கு ஏறி வந்த பதினோரு குடும்பங்கள்தான் இந்த ஊர். வந்த வருஷமே கூரை போட்டு ஆலயம் கட்டினார்கள். அது எரிந்தது. பிறகு கல்லில் கட்டினார்கள், பெண்கள் தலைச்சுமையாகக் கல் கொண்டுவந்தார்கள். பதினாலாம் வருஷம் வடமேற்கு மூலையில் கிணறு, எண்பதடி ஆழம். மழையில்லாத காலத்தில் மூன்று ஊர் அதில் குடித்திருக்கிறது.

சின்ன வயதில் நானும் அதில் இறைத்தவள்தானே. ஆசிரியர் பயிற்சிக்குப் போய்த் திரும்பி வந்தபோது கிணறு இருந்த இடத்தில் நீங்கள் கட்டிய மணிக்கோபுரம் நின்றது. அப்பா செயலாளராக இருந்த காலம். கிணற்றை எப்போது தூர்த்தீர்கள், எதைப் போட்டு? எனக்கு ஒரே ஒரு வரி வேண்டும்.

வெளிநாட்டிலிருக்கும் நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து புது மணி அனுப்புகிறார்கள். பழையதைப் போல இரண்டு மடங்கு எடையாம். மணியடிப்பவரோ பழைய மணிக்கே பயப்படுகிறார். "டீச்சர், கயிறு நகர்ந்துடுச்சு" என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணிக்கு என் அன்பு. வழக்கம்போல: இன்று கோபுரத்தடியில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் இருபத்திரண்டு பேர்.

உங்கள் அன்புத் தங்கை


மே 15

என் அருமை டீச்சரம்மாவுக்கு,

முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சமாதானமாகக் குடித்தனம் நடத்துகின்றன. அண்ணி இருமலை விட்டுவிட்டு இப்போது என்னைத் திட்டுகிறாள்.

ஊர் வரலாறு எழுத உன்னைவிட யார் இருக்கிறார்கள்? அப்பாவைப் பற்றி நன்றாக எழுது. விடியற்காலையில் எழுந்து, கட்டுகிற சுவருக்கு அவரே தண்ணீர் ஊற்றுவார். அதை எழுது. கிணறு எதற்கு? குளத்து மண் முந்நூறு வண்டி போட்டுத் தூர்த்தோம். ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன்.

கயிறு எங்கேயும் நகராது, தங்கச்சி. மணியடிப்பவர்தான் சாயங்காலம் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் நகர்ந்திருப்பார்.

பிள்ளைகளை ஏன் அந்த இருட்டு மூலையில் அடைத்து வைக்கிறாய்? வெளியே மரத்தடியில் உட்கார வை. காற்றாவது வரும். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்!

புது மணியின் எடையைச் சரியாகக் கேட்டு எழுது.

உன் அண்ணன்


ஜூன் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மணியடிப்பவருக்கு நீங்கள் சொன்னதைச் சொல்லவில்லை. மனுஷர் பதினைந்து வருஷமாகக் குடிப்பதில்லை.

அவர் என்னைக் கோபுரத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். தரையின் நடுக்கல்லில் நீங்கள் ஒரு பூ செதுக்கினீர்களே, கயிற்றின் நுனி அதன் நடுவில் நேராகத் தொங்க வேண்டும் என்று. இப்போது நுனி பூவின் ஓர இதழில் நிற்கிறது. "கயிறு நேராத்தான் தொங்குது டீச்சர், கட்டடந்தான் சாயுது" என்றார். நுனி நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். கோபுரக் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. புறாக்களையும் காணோம். எங்கே போயினவோ.

இன்னொன்று. நீங்கள் கோபுரம் கட்டிய வருஷத்துக் குறிப்பேடு அகப்பட்டது. அப்பாவின் கையெழுத்து, முத்து முத்தாக. எந்த வீட்டார் எத்தனை வண்டிக் கல், எத்தனை வண்டி மணல் கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். ஜூன் மாதக் கூட்டத்தில், 'கிணற்றைத் தூர்த்து ஒரு மழைக்காலம் ஆறப்போட்ட பிறகே மேலே கட்டலாம் என்று மேஸ்திரி சொல்கிறார்' என்று இருக்கிறது. மேஸ்திரி நீங்கள்தான். ஜூலைக் கூட்டத்தில், ஜனவரியில் கோபுரப் பிரதிஷ்டை, பேராயர் வருகிறார், அழைப்பிதழ் அச்சுக்குப் போயாயிற்று. நடுவில் ஆறு மாதந்தான். குளத்து மண் முந்நூறு வண்டியைத் தேடினேன். ஒரு வண்டிகூட இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார்கள். முழுக் கிணற்றை எதில் மறைப்பது, அண்ணா?

அப்பாவைப் பற்றி மட்டும் பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டேன். மாதர் சங்கத்தில் வாசித்தபோது அழாதவர் இல்லை, நானும் அழுதேன். மணியின் எடையைத் தனித்தாளில் குறித்து வைத்திருக்கிறேன். இன்று இருபத்துமூன்று பிள்ளைகள்.

உங்கள் அன்புத் தங்கை


ஜூன் 20

தங்கைக்கு,

ஊர் வரலாறு எழுதச் சொன்னால் கிணற்று வரலாறு எழுதுகிறாய். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஆக்கிவிடாதே. அப்பா எழுத மறந்திருப்பார். அவரும் மனுஷன்தானே. மழை பெய்தால் கதவு உப்பும். புறா பறக்கும். இதையெல்லாம் சேர்த்து வைத்துக் கோலம் போடாதே.

நாற்பத்தொரு வருஷமாக நிற்கிறது. நான் போன பிறகும் நிற்கும்.

ஒன்று மட்டும் கேள். பழைய மணியே போதும் என்று கமிட்டியில் சொல். புது மணியைத் தரையிலேயே ஒரு மேடை கட்டி வைக்கட்டும், எல்லோரும் பார்க்கலாம். பிள்ளைகளை வெளியே உட்கார வை. எனக்கு இப்போதெல்லாம் தூக்கம் சரியாக இல்லை. இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

அண்ணன்


ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரொம்ப நாள் எழுதவில்லை. எழுதாதே என்றீர்களே.

கோபுரம் கட்டியபோது உங்களிடம் கையாளாக இருந்தவரைப் பார்க்கப் போனேன். கண் மங்கிவிட்டது, ஆனால் என் குரல் தெரிந்தது. கிணறு என்று வாயெடுத்ததும், "அதை அண்ணன்கிட்டயே கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கமிட்டியிலும் பேசிப் பார்த்தேன். ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுவோம் என்றேன். இப்போதைய செயலாளர் சிரித்தார். "உங்க அண்ணனே எழுதிட்டாரே டீச்சர்" என்று ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். உங்கள் கையெழுத்து. அவர் புது மணியைப் பற்றிக் கேட்டு எழுதியதற்கு நீங்கள் அனுப்பிய பதில். 'பழைய மணியே போதும் என்பது என் அபிப்பிராயம். மற்றபடி கோபுரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்கு நான் ஜவாப்.' முதல் வரியை அவர் உங்கள் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டாவது வரியைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் கை வரவில்லை.

போன சனிக்கிழமை புது மணியை மேலே ஏற்றிவிட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். கயிறு பூவை விட்டே இறங்கிவிட்டது. என் ஜூன் கோட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கிறது.

செப்டம்பர் 13 ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மணியை நூறு தடவை அடிக்க வேண்டும். ஆலயத்தில் இடம் போதாது என்று பாடும் பிள்ளைகளைக் கோபுரத்தடியில் நிறுத்தப் போகிறார்கள். மணியடிப்பவர் வேலையை விட்டுவிட்டார். "என் பேரப்பிள்ளையும் அதுல பாடுது டீச்சர், என்னால கயித்தத் தொட முடியாது" என்றார். வேறு யாரும் முன்வரவில்லை. அதனால் நான் இழுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் அண்ணன் கோபுரத்துக்கு ஜவாப் என்று எழுதியிருக்கிறார். அவர் தங்கை கயிற்றைப் பிடிக்கப் பயப்படலாமா? நீங்கள் வேறு ஏதாவது சொல்வதாக இருந்தால், கடிதம் வரப் பத்து நாளைக்கு மேல் ஆகும். தந்தி ஒரே நாளில் வரும்.

இன்று பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள் இருபத்துநான்கு பேர்.

உங்கள் அன்புத் தங்கை


தந்தி
செப்டம்பர் 12

மணி அடிக்காதே. யாரையும் உள்ளே விடாதே. கிணறு தூர்க்கவில்லை. மேலே கல் பாவி மூடியது மட்டும். அப்பா சொன்னார். அண்ணன்.


செப்டம்பர் 20

அண்ணாவுக்கு,

தந்தி சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. போதகர் ஐயா கையில் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். பிறகு அவரே எழுந்து போய்க் கோபுரக் கதவைப் பூட்டினார். நூறாவது ஆண்டு ஆராதனை வெளியே மரத்தடியில் நடந்தது. மணி அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு உங்கள் தந்தியையே வாசித்துக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் வந்தார். எடை குறைந்தவனாகப் பார்த்து ஒரே ஒரு ஆளை இடுப்பில் கயிறு கட்டி உள்ளே அனுப்பினார். நீங்கள் பூ செதுக்கிய கல்லுக்குப் பக்கத்துக் கல்லை அவன் நெம்பி எடுத்து, ஒரு சிறு கல்லை உள்ளே போட்டான். வாசலில் நாங்கள் இருபது பேர் நின்றோம். தண்ணீரில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அன்றைக்கே உங்கள் கையாளும் வாயைத் திறந்தார். "ஒரு மழை ஆறப்போடணும்னு அண்ணன் மன்றாடினாரும்மா. பேராயர் தேதி கொடுத்தாச்சு, கல்லைப் போட்டு மூடுன்னு உங்கப்பா ஒரே பிடியா நின்னாரு. அன்னிக்குப் பூரா அண்ணன் சாப்பிடல" என்றார். அதைக் கேட்டு எனக்கு உங்கள் மேல் இரக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இருபத்தேழு வயதுப் பிள்ளை அப்பாவை எதிர்த்து எப்படி நிற்கும்?

ஆனால் அப்பா இறந்து முப்பது வருஷம் ஆகிறது, அண்ணா. அதற்குப் பிறகு உங்களை யார் தடுத்தார்கள்? முப்பத்தெட்டு வருஷமாக அந்தத் தரையில்தான் ஞாயிறு வகுப்பு நடத்தினேன். ஒவ்வொரு கடிதத்திலும் எத்தனை பிள்ளைகள் என்று உங்களுக்கு எண்ணி எழுதினேன். நீங்களும் ஒவ்வொன்றிலும் மரத்தடியில் உட்கார வை, காற்று வரும் என்று எழுதினீர்கள். என் அண்ணனுக்குப் பிள்ளைகள் மேல் எவ்வளவு அக்கறை என்று மற்ற டீச்சர்களிடம் பெருமை பேசியிருக்கிறேன். பைத்தியக்காரி.

நான் அன்று கயிற்றை இழுத்திருப்பேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மணியடிப்பவர் விலகாமல், அவரே இழுப்பதாக இருந்திருந்தால், இந்தத் தந்தி வந்திருக்குமா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம். நலம் விசாரிக்க வேண்டாம்.

புத்தகத்தில் அப்பாவின் பன்னிரண்டு பக்கத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் உங்கள் தந்தியை அப்படியே போட்டிருக்கிறேன். 'அப்பா சொன்னார்' என்ற இரண்டு வார்த்தை இல்லாமலும் தந்தி சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கும். அதையும் நான் வெட்டவில்லை.

மன்னிக்க வேண்டும் என்று முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு வரவில்லை, அண்ணா. முயற்சி பண்ணிப் பார்த்தேன், வரவில்லை.

கோபுரம் இன்னும் நிற்கிறது. மழைக்கு முன்னால் இறக்கிவிட வேண்டும் என்கிறார் இன்ஜினியர். சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். காற்றடித்தால் மணி தானாக ஒரு தடவை ஒலிக்கிறது. பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்கிறோம்.

இன்று மரத்தடியில் இருபத்துநான்கு பேர். இனிமேல் இதை உங்களுக்கு எழுத மாட்டேன்.

தங்கை