படங்கள் ஒருவரிடம், கடிதம் ஒருவரிடம்

சுன்னாகம்,
16.10.1993

அன்புள்ள மகள் றோஸுக்கு,

அந்தக் குளிர்தேசத்தில் நீ சுகபெலத்தோடு இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இம்முறை அதை எழுத முடியவில்லை. சீலா அக்காவின் ஐசாக்கை, உன் அத்தானை, கொழும்பிலிருந்து வரும் வழியில் ஆமியின் சோதனைச் சாவடியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு மாதமாகிறது. நீ அனுப்பிய மூன்று படங்கள்தான் காரணம். பதறாதே பிள்ளை, முழுவதையும் வாசி, உன்மேல் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அத்தான் கண் சத்திரசிகிச்சைக்காக ஆவணியில் கொழும்புக்குப் போனது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நேர்ஸ் பெர்னடெட்டும் போகிறபடியால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். உன் உறை கொழும்பில் சித்தப்பா வீட்டுக்கு வந்திருக்கும், அதை எப்படிக் கொண்டு வருவது என்றும் நானே சொல்லிக் கொடுத்தேன், கடிதம் பெர்னடெட்டிடம், படங்கள் அத்தானிடம். நீ போய் ஒன்பது வருடமாகிவிட்டது, இப்போதைய பயணமுறை உனக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்குரியதை ஒரே ஆளிடம் இப்போது ஒருவரும் கொடுத்துவிடுவதில்லை, ஒருவர் மறிபட்டால் மற்றவர் கையில் இருப்பதாவது வந்து சேரட்டும் என்று பிரித்துத்தான் கொடுப்போம், கூட வந்தவர்களும் சாவடியில் ஒருவரையொருவர் தெரியாதவர் போல நிற்பார்கள். அதில் எனக்குப் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு. படம் மடிபடக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். பாவம் அந்த மனுஷன், சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள், இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்துச் சூட்கேசின் அடியில் விரித்த கடதாசிக்குக் கீழே வைத்திருக்கிறார். சோதிக்கிறவனுக்கு அது ஒளித்து வைத்ததாகத்தானே தெரியும். ஆகாயத்திலிருந்து எடுத்த காடு, முழுவதும் சிவப்பு, அங்கங்கே வெள்ளைப் பென்சிலால் வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் நம்பர். இது எந்தக் காடு, வட்டம் போட்ட இடத்தில் என்ன இருக்கிறது, யார் எடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு ஒரு கண்ணில் கட்டு, மற்றக் கண்ணும் மங்கல், அந்தப் படங்களை அவர் ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை. நல்ல மரம் அந்தப் பிலிமில் சிவப்பாக விழும், வாடுகிற மரம் சாம்பல்நீலமாக விழும், நிலத்துக்குக் கீழே காலாகாலமாக உறைந்து கிடந்த பனி இளகுவதால் சாயத் தொடங்கிய மரங்களுக்குத்தான் வட்டம், பூமி சூடேறி வருவதால் ஒவ்வொரு கோடையும் அதே பாதையில் பறந்து அதே மரங்களைப் பார்த்து வருகிறேன் என்று நீ நாலு பக்கத்தில் எழுதியதெல்லாம், கொஞ்சம் தள்ளிப் பெண்கள் வரிசையில், பெர்னடெட்டின் கைப்பைக்குள் இருந்திருக்கிறது. அவரைத் தனியே கூட்டிப் போவதைக் கண்டும் அவள் பேசாமல் நின்றாள். அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டிருந்தேன்.

கடிதம் மட்டும் வீட்டுக்கு வந்தது. நாலைந்து தரம் வாசித்தேன். முப்பத்திரண்டு வருடம் பூமிசாஸ்திரம் படிப்பித்தேன், ஊசியிலைக் காடு என்று கரும்பலகைப் படத்தில் பச்சைச் சோக்கால் தீட்டிக் காட்டியதைத் தவிர ஒன்றையும் கண்டதில்லை, அதனால்தான் தை மாதம் உனக்கு எழுதியபோது உன் காட்டைப் பார்க்க ஆசையாயிருக்கிறது, படம் அனுப்பு என்று கேட்டேன். இங்கே குண்டு போடுகிற பொம்மர் இரைந்தால் பங்கருக்குள் ஓடுகிறோம். கீழே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒருத்தி மேலே பறக்கிறாள், அவள் என் பிள்ளை என்றால், அதை நம்ப எனக்கே படம் தேவைப்பட்டது, சாவடியில் நிற்பவன் எப்படி நம்புவான். ஆனால் நான் கேட்டது அத்தானுக்கு மட்டும்தான் தெரியும், சீலா அக்காவுக்குத் தெரியாது. பெர்னடெட் வந்து சொன்ன அன்றே, உவள் ஏன் உந்தப் படங்களை அனுப்பினவள், தன்ரை பெருமையைக் காட்டவோ என்று அக்கா அழுது கத்தினாள். நான் கதிரையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. வெட்கம், பயம், பிறகு சொல்லலாம் என்ற நினைப்பு, எல்லாம்தான். ஒரு கிழமை கழித்து அவள் கிளாலிக் கடலைத் தாண்டிச் சாவடிக்குப் போனாள். உன் கடிதத்தையும் கொண்டு போய்க் காட்டினாள், இப்படி யாரும் எழுதலாம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அவளை விசாரித்து, சொன்னதை எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்களாம், அத்தானைக் காட்டவில்லை. திரும்பி வந்து இரண்டு நாள் சுருண்டு படுத்தாள், என்ன கேட்டார்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரிலிருந்த உன் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். என்னை மன்னித்துவிடு மகள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீ வேலை செய்கிற கந்தோரிலிருந்து முத்திரை குத்தி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். எந்தத் தேசத்துக் காடு, அகலக்கோடு நெடுங்கோடு என்ன, எந்தத் திகதியில் எடுத்தது, வட்டங்கள் எதற்கு என்று எல்லாம் இருக்க வேண்டும். அதே படங்களின் பிரதிகளையும் சேர்த்து ஒரே உறையில் சித்தப்பாவுக்கு அனுப்பு, இங்கே ஒன்றும் அனுப்பாதே. எங்கள் போதகர் அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறார், அதை வாங்கிச் சாவடியில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணுக்கு விடுகிற மருந்து அத்தானிடம் பத்து நாளுக்குத்தான் இருந்தது, அதுதான் பெரிய கவலை. உன்னைப் பற்றியும் கவலைதான். விமானத்தின் கதவைக் கழற்றிவிட்டுக் குனிந்து படமெடுப்பதாக எழுதியிருந்தாய், பட்டியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொள், காற்று அடிக்கிற நாளில் யார் சொன்னாலும் ஏறாதே. போன வருடம் நேராக நின்ற மரங்களும் இந்த வருடம் சாய்ந்துவிட்டன என்று வாசித்தேன், உனக்கு ஆறுதலாக எழுத இங்கேயும் ஒன்றுமில்லை. இங்கே கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லாமல் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கவும் வழியில்லை, தோட்டத்தில் பாதித் தறை காய்ந்துவிட்டது.

மேலே உள்ளதெல்லாம் நேற்று எழுதியது. அக்காவுக்கு வாசித்துக் காட்டாமல் உறையை ஒட்ட மனம் வரவில்லை. இன்று ஆராதனை முடிந்து வந்தபின், குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தவளைக் கூப்பிட்டு இருத்தி, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை. நான் படம் கேட்ட இடத்தை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “உன்ரை புருஷன், படங்களை மாமாதான் கேட்டவர் எண்டு சொல்லுறான், நீ என்ன சொல்லுறாய் எண்டு அங்கை கேட்டவங்கள். என்னை மடக்கத்தான் கேக்கிறாங்கள் எண்டு நினைச்சு, எங்கடை வீட்டிலை ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைச்சிட்டு வந்திருக்கிறன், அப்பா.” எழும்பிப் போய் அரிசியை அடுப்பில் வைத்தாள். உண்மையைச் சொன்ன மனுஷன் பொய்யன் என்று அவருடைய பெண்சாதியின் கையெழுத்திலேயே அங்கே எழுதிக் கிடக்கிறது. சொல்ல வேண்டிய அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் அவள் அந்த உண்மையைத்தானே சொல்லியிருப்பாள். அதனால் போதகரைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை, நாளைக்கு நானே சாவடிக்குப் போகிறேன். எழுபத்தொரு வயதுக் கிழவன் சொல்வதை எடுப்பார்களோ தெரியாது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நீ ஏறுகிற விமானத்தையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, அக்காமேல் கோபம் வையாதே. கந்தோர்க் கடிதத்தின் முதல் வரியிலேயே, இந்தப் படங்களைத் தகப்பன் கேட்டு எழுதியதால்தான் அனுப்பினாள் என்று போடச் சொல்ல மறந்துவிடாதே. தை மாதம் நான் எழுதிய கடிதத்தையும் தேடி எடுத்துக் கூட வை. என் கடிதங்களை நீ எறிவதில்லை என்று ஒருமுறை எழுதியிருந்தாய், அது உண்மையாயிருக்க வேண்டும் என்றுதான் இப்போது ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
படங்களைக் கேட்டு எழுதிய உன் அப்பா,
கிருபைரட்ணம்