ஜன்னல் சாப்பிட்ட மருந்து

என்னங்க,

நீங்க எழுந்திரிக்கும்போது நான் அக்கா வீட்டுல இருப்பேன். சோறு குக்கர்ல இருக்கு, குழம்பை மட்டும் சூடு பண்ணிக்குங்க.

நேத்து உங்க கட்டில் பக்கத்து ஜன்னலைத் துடைக்கப் போனேன். கண்ணாடி பூரா பனி மாதிரிப் பொடிப்பொடியாத் துளி. மோந்து பார்த்தா உங்க இன்ஹேலர் மருந்து வாசனை.

நீங்க அந்த இன்ஹேலர் பட்டனை அழுத்தினா என் ஃபோன்ல பச்சை விளக்கு எரியும். ஆபீஸ்ல அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு டீயே இறங்கும். அளவு பிசகாமக் கொடுக்கிற மெஷின்னு டாக்டர் சொன்னாரு. பிசகாமத்தான் கொடுத்திருக்கு, ஜன்னலுக்கு!

"என் மூச்சுக்கு நீ என்ன வாட்ச்மேனா?"ன்னு அன்னிக்குக் கத்தினீங்க. அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நீங்க மனசுல வச்சுக்கிட்டு கண்ணாடிக்கு ஊதியிருக்கீங்க.

சாயங்காலம் நர்ஸம்மா வருவாங்க. ஒரு வேளைகூடத் தவறலைன்னு மெஷினைக் காட்டிப் பல்லை இளிக்காதீங்க. கண்ணாடியைத் துடைக்காமலே விட்டிருக்கேன், அந்த ஜன்னலோட நெஞ்சையும் ஒருதடவை பார்க்கச் சொல்லுங்க. இத்தனை நாள் மருந்து சாப்பிட்டது அதுதானே!

என் சாவியை ஆணியில மாட்டியிருக்கேன். ஃபோன்ல அந்தப் பச்சை விளக்கையும் எடுத்துட்டேன். இனிமே உங்க மூச்சுக்கு வாட்ச்மேன் கிடையாது. நிம்மதியா இருங்க.

இன்னொண்ணு. ஃபோனுக்குச் சேதி சொல்லாத உங்க பழைய பம்ப் தலைகாணிக்குக் கீழ இருக்கு. அதுக்கும் அடங்காம இழுத்தா ஃபோன் பண்ணுங்க. எடுப்பேன், பேச மாட்டேன். நீங்க மூச்சு விடுற சத்தம் கேட்டா போதும்.