வயிற்றுக்குள் ஒரு சக்களத்தி

என் ஆராய்ச்சிக்காரருக்கு,

காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. "குடல்ல சும்மா இருந்த பூஞ்சைதான். ஆன்டிபயாட்டிக் மத்த கிருமிகளைக் கொன்னதும் பெருகி, ரத்தத்துக்குள்ள வந்துடுச்சு" என்றார் டாக்டர்.

நீங்கள் ஆய்வகத்தில் வேளாவேளைக்குச் சர்க்கரை ஊட்டி, 'செல்லம்' என்று கொஞ்சுகிறீர்களே, அவளேதான். என் சக்களத்தி எனக்குள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

இன்று காலை போன் செய்து, "செல்லம் எப்படி இருக்கு?" என்றீர்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை! பூரித்துப்போய், "காய்ச்சல் குறைஞ்சிருக்குங்க" என்றேன்.

"ஐயோ, நீயா? லேபுக்குன்னு நெனச்சு உனக்குப் போட்டுட்டேன்" என்று வைத்துவிட்டீர்கள்.

இப்போது அவளைக் கொல்லும் மருந்து சொட்டுச்சொட்டாக ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் முழுசாகப் போவதற்குள் வாருங்கள். அவளைப் பார்க்கிற சாக்கிலாவது என் கையைப் பிடிப்பீர்கள்.

இப்படிக்கு,
அவளுக்கு இடம் கொடுத்தவள்